சுவிஸ் கோச்சைப் பற்றி அப்பா சொன்ன பகிடி

ஹொக்கிக் கையுறைக்கு ஒரு மணம் உண்டு. வியர்வையில் ஊறி, காரின் பின்பெட்டியில் கிடந்து புளித்து, எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல்களை விட்டுப் போகாத மணம். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட் முழுவதும் அந்த மணம் வீசிய குளிர்காலத்தில் எனக்குப் பதினொரு வயது. பெண்பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கி ரீம் ஒன்றில் நான் டிபென்ஸ். எதிரணியை எங்கள் கோல் பக்கம் அண்டவிடாமல் மறிப்பது என் வேலை.

அந்த வருடம் எங்களுக்குக் கோச்சாக வந்தவர் உர்ஸ். சுவிஸில் மலையடிவார ஊரொன்றின் அணிக்குப் பல வருடங்கள் டிபென்ஸ் விளையாடி, முழங்கால் பழுதாகி, மனைவியின் ஊரான ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் அவர் வாய் திறந்ததில்லை. நான் விழுந்தால் கத்தமாட்டார். ஐஸில் சறுக்கிக்கொண்டு அருகில் வந்து, முழங்காலை இன்னும் மடக்கு என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போவார்.

அப்பாவும் கனடாவுக்கு வருமுன் அகதியாகச் சுவிஸில் இருந்தவர். அங்கே ஒரு ஐஸ் அரங்கின் உணவகக் குசினியில் கோப்பை, பாத்திரம் கழுவினார். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர், ஒருநாள் லீவு கிடைத்து என் விளையாட்டைப் பார்க்க வந்தார். உர்ஸைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பிள்ளை, உவரை எனக்குத் தெரியும்! நான் வேலை செய்த இடத்திலை விளையாடினவர்!"

அதோடு நின்றிருக்கலாம். மற்றப் பெற்றோருக்கு நடுவே தனக்கும் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், தன் உடைந்த ஆங்கிலத்தில் உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். ஊரே பார்த்திருந்த கடைசி ஆட்டத்தில் உர்ஸ் அடித்த பக் வட்டு தன் அணியின் கோலுக்குள்ளேயே போனதையும், சனம் அவர்மேல் பியர்க் கோப்பைகளை வீசியதையும் கைகளை ஆட்டி நடித்தும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ஐஸ் ஓரத்தில் நின்ற உர்ஸ் தலையைத் திருப்பவில்லை. அவர் கழுத்து மட்டும் சிவந்தது. தலைக்கவசத்துக்குள் என் காது சுட்டது. இவர் என் அப்பா இல்லை என்று அங்கிருந்தோர் நினைத்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த ஆட்டத்தில் மோசமாகத் தோற்றோம். தன் கோலுக்கே அடித்தவரா எங்கள் பிள்ளைகளுக்கு டிபென்ஸ் பழக்குவது என்று ஒரு பிள்ளையின் தகப்பன் மேல் வரிசையிலிருந்து கத்தினார். அதற்கடுத்த பயிற்சிக்கு உர்ஸ் வரவில்லை. விலகிவிட்டாராம்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டியளே?" என்றார் அம்மா.

"பகிடிக்குத்தானே சொன்னனான்..." என்ற அப்பா, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு பிக்கரிங்கில் இருந்த உர்ஸின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே இருவரும் சுவிஸ் ஜெர்மனில் பேசினார்கள். அப்பாவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. வெட்கத்தில் என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்து உர்ஸ் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி ஊற்றினார்.

திரும்பி வரும்போதுதான் அப்பா சொன்னார்: "நான் மன்னிப்புக் கேட்டன். அவர் என்ன கேட்டவர் தெரியுமே? தான் விளையாடினதைக் கண்ணாலை கண்ட ஆள் இந்த ஊரிலை நான் ஒருத்தன்தானாம். மற்ற ஆட்டங்களையும் பாத்தனியளோ, தான் எப்பிடி விளையாடினவர் எண்டு கேக்கிறார், பிள்ளை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"குசினி யன்னலுக்காலை எல்லாம் பாத்தனான். உங்களைத் தாண்டிப் போறது லேசில்லை எண்டு சொன்னன். உண்மையும் அதுதான். அதை அண்டைக்கு ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டிட்டன்."

உர்ஸ் திரும்பி வந்து இன்னும் இரண்டு குளிர்காலம் எங்களைப் பழக்கினார். பிறகு பியர்க் கோப்பை வீசிய அதே ஊர் தன் இளம் அணிக்குக் கோச்சாக அவரை அழைத்தது, போய்விட்டார்.

நாங்கள் விளையாடிய அரங்கு இன்று இல்லை. அந்த இடத்தில் கொண்டோ மாடிக்கட்டடம் எழும்புகிறது. அப்பா இப்போது ஸ்ரௌவ்வில்லில் என்னோடு இருக்கிறார். உர்ஸ் போனபின் அவர் வாயிலிருந்து சுவிஸ் ஜெர்மன் வந்ததில்லை, பேச ஆளில்லை. என் மகளின் ஆட்டத்துக்கு அவரையும் கூட்டிப் போகிறேன். மேல் வரிசையில் கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு, பேத்தி கோல் அடித்தால்கூடச் சத்தமில்லாமல் இருக்கிறார். "கத்துங்கோ அப்பா" என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன், அன்று அவர் என் அப்பா இல்லை என்றிருக்க விரும்பியது ஞாபகம் வந்து வெட்கமாக இருக்கிறது.