ரிப்போர்ட்டில் ஒரு வெள்ளைக்காரி

பாளையங்கோட்டையில் ஒரு லேபில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் இரண்டு மாதம், ரத்தம் கொடுக்க வந்த கர்ப்பிணிகள் எல்லோரையும் ஐரோப்பியர்களாக மாற்றி அனுப்பியிருக்கிறேன். அசட்டையால் செய்திருந்தால் இவ்வளவு வெட்கம் இருக்காது. கொள்கையோடு செய்தேன்.

டபுள் மார்க்கர் என்பது மூன்றாம் மாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவைப் பார்த்து, வயது, எடை, ஸ்கேன் விவரத்தோடு சேர்த்தால், பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு இத்தனையில் ஒன்று என்று சாஃப்ட்வேர் சொல்லும். எங்கள் கோடு இருநூற்றைம்பது. எண் அதற்குக் கீழே வந்தால் ஹை ரிஸ்க், அடுத்த டெஸ்ட்.

புது சாஃப்ட்வேரில் 'இனம்' என்று ஒரு பெட்டி இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் புத்தகம் படித்தவனுக்கு வரும் கோபம். ரத்தத்திடம் போய் இனம் கேட்பதா என்று, கூட வேலை பார்த்த மும்தாஜிடம் கால் மணி நேரம் பேசினேன். அவர் சாம்பிளைச் சுழலவிட்டுக்கொண்டே, "பெட்டி வச்சிருக்கான்னா காரணம் இருக்கும்லா சார்" என்றார். நான் காலியாகவே விட்டேன். காலியாக விட்டால் பட்டியலில் முதலில் இருப்பதை அது தானே எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை டீச்சர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். முப்பத்தாறு வயதில் முதல் பிள்ளை. முந்தின வாரம் 'லோ ரிஸ்க், நிம்மதியாக இருங்கள்' என்று ரிப்போர்ட்டைக் கொடுத்தவன் நான்தான்.

"அண்ணாச்சி, அடியில பொடி எழுத்துல காக்கேசியன்னு போட்டிருக்கே. நான் எப்ப வெள்ளைக்காரி ஆனேன்?"

பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கண். நானும் சிரித்தேன். பெட்டியில் தெற்காசியர் என்று மாற்றி மறுபடி கணக்குப் போட்டேன். இருநூற்று அறுபத்திரண்டில் ஒன்று என்று இருந்தது இருநூற்று முப்பத்தொன்றில் ஒன்று ஆனது. கோட்டுக்குக் கீழே.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். இது வாய்ப்புதான், முடிவு இல்லை என்பதையும் சொன்னேன்.

டீச்சர் ரிப்போர்ட்டை நாலாக மடித்தார். "அப்ப நல்ல ரிசல்ட்டு அந்த வெள்ளைக்காரிக்கு வந்திருக்கு. நான்தான் ஒரு வாரமா அவளுக்காகத் தூங்கியிருக்கேன்."

டாக்டரிடம் நானே போய்த் தப்பைச் சொன்னேன். அடுத்த டெஸ்டுக்கு டீச்சரின் ரத்தம் சென்னைக்குப் போனது. பன்னிரண்டு நாள். அதற்குள் பழைய ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் மும்தாஜும் நானும் திரும்பப் போட்டோம். எண்கள் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தன. வேறு யாரும் கோட்டைத் தாண்டவில்லை. அதை என் திறமையில் சேர்க்க முடியாது.

சென்னை ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. டீச்சர் போனில் சொன்னார்: "இந்தத் தடவ அடியில உள்ளதையும் வாசிச்சிட்டேன் அண்ணாச்சி."

ஒவ்வொரு இனத்தாருக்கும் ரத்தத்தில் அந்தப் பொருட்களின் சராசரி கொஞ்சம் வேறுபடும். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றுமில்லை. கோட்டோரம் நிற்பவருக்கு அதுதான் எல்லாம். கேட்காமல் விட்டதால் நான் எல்லோரையும் சமமாக நடத்திவிடவில்லை. எல்லோரையும் வெள்ளைக்காரியை வைத்து அளந்தேன்.

இதையே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். முடிந்ததும் மும்தாஜிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சரியாத்தான் சொன்னீங்க சார். ஆனா பேச்சுன்னு பாத்தா, அந்தப் பெட்டிய நிரப்பக் கூடாதுன்னு பேசுனீங்களே, அதுதான் நல்லா இருந்துச்சு."