மெர்சி அக்கா வெட்டிய ஓரம்

பெட்டிக் கேமராவின் விசையைத் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பல்லி சொல்வதைவிடச் சின்னச் சத்தம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எஞ்சின்கள் ஊதுகிற ஊதலிலும், சரக்குப் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற இரைச்சலிலும், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே சரியாகக் காதில் விழாது. ஆனால் அந்த 'டக்' மட்டும் மூன்று வீடு தள்ளி இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். பொறாமைக்கு எவ்வளவு கூர்மையான காது என்பதை ஒன்பது வயதிலேயே தெரிந்துகொண்டவள் நான்.

கேமரா மெர்சி அக்காவுடையது. அவளுடைய அப்பா ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மெதடிஸ்ட் கோயில் என்று இருந்தவர். என் அப்பா தண்டவாளத்தை மாற்றிவிடுகிற பாயின்ஸ்மேன். காக்கிச் சட்டை, கையில் கொடி, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவர்கள் வீடு எங்கள் வரிசைக்கு எதிரே, இரண்டு படி உயரத்தில் இருந்தது. மெர்சி அக்காவுக்கு என்னைவிட மூன்று வயது கூடுதல். பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறியதற்குப் பரிசாக, கறுப்புத் தோல் ஒட்டிய, செங்கல் அளவில் இருந்த அந்தப் பெட்டியை அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தார். நானும் அந்த வருஷம் வாய்ப்பாட்டில் ஒரு தப்பும் இல்லாமல் சொல்லியிருந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு ரிப்பன்.

கேமரா கிடைத்த பெண் பூவைப் பிடிப்பாள், பூனையைப் பிடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மெர்சி அக்காவுக்கு ரயில்வேதான் வேண்டியிருந்தது. அதுவும் கவர்னர் வருகிற நாளில் தோரணம் கட்டிய ஸ்டேஷன் அல்ல. தினமும் நாங்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ரயில்வே. எஞ்சின் கொட்டிய சாம்பலில் எரியாத கரியைப் பொறுக்கும் பெண்கள், தண்டவாள வேலியில் காய்கிற கைலி, எஞ்சினுக்குக் கரி போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே குளிக்கிற பயர்மேன்கள். பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து, மூச்சை அடக்கி, 'டக்'. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். "ஒரு தடவ நான் தட்டிப் பாக்கறேன்க்கா" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! "உனக்குக் கை ஆடும்டி" என்பாள். ஆடாத கையை நீட்டிக் காட்டுவேன். கோபத்தில் அப்போது பார்த்து அது ஆடும்.

அவளுடைய ஆசைக்கு ஊரே குறுக்கே நின்றது என்பதில் எனக்கு ரகசிய சந்தோஷம். கரி மேட்டில் வேலை செய்தவர்கள் அவள் கேமராவோடு வருவதைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். முகம் கழுவி, தலை சீவி, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து விறைப்பாக நிற்பார்கள். கோட்டு என்னவோ ஒன்றுதான். ஒருவர் நின்று முடித்ததும் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். "கரி அள்ளுற மாதிரி நில்லுங்களேன் அண்ணே" என்று மெர்சி அக்கா அழாத குறையாகக் கேட்பாள். "ஊருக்கு அனுப்புற படம் பாப்பா. கரி மூஞ்சியோடயா எங்க ஆத்தாளுக்குக் காட்டுறது?" என்பார்கள். ஒரு சுருளில் நான்கு படம் ஒரே கோட்டுக்குப் போயிற்று. அன்று இரவுச் சோறு எனக்கு ருசியாக இறங்கியது.

எங்கள் வீட்டில் படம் என்ற பேச்சே கிடையாது. "படம் எடுக்குறது கல்யாணத்துக்கு, இல்லன்னா கருமாதிக்கு. நடுவுல எதுக்கு?" என்பாள் அம்மா. அப்பா கல்யாணத்துக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் அப்பா என் கட்சி என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு வேலை கிள்ளான் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில். காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவார். அங்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். பெரிய பிரம்பு வளையம், அதன் அடியில் தோல் பை, பைக்குள் ஒரு பித்தளைத் துண்டு. அது கைக்கு வராமல் டிரைவர் ஸ்டேஷனைத் தாண்டக் கூடாது. நிற்காமல் போகும் வண்டிக்கு அப்பா அதைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். எஞ்சினில் தொங்குகிற பயர்மேன் கையை நுழைத்து வாரிக்கொண்டு போவார். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போகும் நாட்களில் அந்த வளையத்தைத் தொட்டுப் பார்க்கத் தவியாய்த் தவிப்பேன். "ஏய், எட்டிப் போ. வெளையாட்டுச் சாமானா அது?" இதற்கு மேல் அப்பா என்னோடு பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். சிரித்து நான் பார்த்ததில்லை. அடிக்கவும் மாட்டார், எப்போதாவது தலையில் நறுக்கென்று ஒரு குட்டு, அவ்வளவுதான்.

அந்த வளையத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று மெர்சி அக்கா கிளம்பினாள். அவளுடைய அப்பா எங்கள் வாசலுக்கே வந்து கேட்டார். அப்பா முடியாது என்பார் என்று கதவோரம் நின்று காத்திருந்தேன். "அதுக்கென்னங்க, பாப்பா வரட்டும்" என்றார் அப்பா. அம்மாவே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். 'பாப்பா'வாம்! எனக்கு 'ஏய்', அவளுக்குப் 'பாப்பா'.

மறுநாள் காலை வண்டியில் மூவரும் போனோம். ஜன்னலோரம் மெர்சி அக்காவுக்கு. வழியெல்லாம் ரப்பர் மரங்கள் பின்னால் ஓடின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அவள் மடியில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டேஷனில் இறங்கியதும் அவள் என் அப்பாவை மேடையின் கோடியில் நிறுத்தினாள். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. காக்கிச் சட்டை போதும், முகம் கழுவ வேண்டாம் என்றாள். அப்பா சரி என்றார். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொள்ளச் சொன்னாள், மாட்டிக்கொண்டார். "இப்புடி நிக்கவா பாப்பா?" என்று வேறு கேட்டார். என்னைத் தொடவிடாத வளையம் அவள் ஒரு சொல் சொன்னதும் தோளுக்கு ஏறிவிட்டதே என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. அவள் பெட்டியை வயிற்றில் அணைத்தாள், குனிந்தாள், மூச்சை அடக்கினாள்.

ஓடினேன். யோசிக்கவில்லை. என் அப்பா படத்தில் இருந்தால் நானும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவின் பக்கம் ஓடினேனே தவிர, என் கண் முழுக்கக் கேமராவின் மேல்தான் இருந்தது. அவர் பக்கத்தில் போய்ச் சேருமுன் 'டக்' கேட்டுவிட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று மெர்சி அக்கா காலை உதைத்துக் கத்தினாள். அது அந்தச் சுருளின் எட்டாவது படம். வேறு சுருள் இல்லை. என் தலையில் அப்பாவின் குட்டு விழுந்தது. பிறகு வண்டி வந்தது, வளையம் போயிற்று, நான் மாலைவரை தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

சில வாரம் கழித்து மெர்சி அக்கா ஒரு படத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒரு பக்கம் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. "நீ ஓடி வந்ததால பேய் மாதிரி கலங்கிப் போயிட்ட. அதான் வெட்டிட்டேன்" என்றாள் என்னிடம். நான் இல்லாத படத்தில் அப்பா வளையத்தோடு நின்றார். லேசாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், பல் தெரியச் சிரித்துக்கொண்டு! பச்சைப்பயறு அளவு முகம்தான், ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். அவள் வயிற்றில் அணைத்திருந்த கேமராவைப் பார்த்து, அந்தப் 'பாப்பா'வைப் பார்த்து, என் அப்பா சிரித்திருக்கிறார். என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்காத அப்பா.

இதை நான் மறக்கவேயில்லை. சண்டையில் ஜப்பான்காரர்கள் நாட்டைப் பிடித்த பிறகு, சயாமில் ரயில் பாதை போட அப்பாவைக் கொண்டுபோனார்கள். ரயில் வேலை தெரிந்தவர் என்பதே அவருக்கு வினையாயிற்று. அவர் திரும்பவில்லை. எங்களிடம் இருந்த ஒரே படத்துக்கு அம்மா சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை மாட்டினாள். ஊரில் இறந்தவர்களெல்லாம் சுவரில் கோட்டுப் போட்டு நிற்க, என் அப்பா மட்டும் அழுக்குக் காக்கியும் வளையமுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். கும்பிடும்போதெல்லாம் எனக்குள் ஒரு முள் குத்தும்: இந்தச் சிரிப்பு எனக்கல்ல. அப்பாவுக்காக அழுகிற நேரத்திலும் மெர்சி அக்காவின் மேல் பொறாமைப்பட்ட மகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். நான் பள்ளிக்கூட ஆசிரியையாகி, ஓய்வு பெற்று, முதல் வேலையாக ஒரு கேமரா வாங்கினேன். கலை ஆர்வம் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். மெர்சி அக்கா அன்று நின்ற ஒவ்வொரு இடத்திலும் போய் நின்று, இன்று அங்கே என்ன இருக்கிறதோ அதைப் பிடித்தேன். கரி மேடு இருந்த இடத்தில் கார்கள் நின்றன. குவாட்டர்ஸில் பாதியை இடித்துவிட்டிருந்தார்கள். என் கை ஆடவேயில்லை. ஆனால் இன்றைய படம் மட்டும் இருந்து என்ன பயன்? பக்கத்தில் வைக்க அன்றைய படம் வேண்டும். அது அவளிடம் அல்லவா இருக்கிறது! இரண்டு வருஷம் வீம்பாக இருந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் மின்சார வண்டி ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

"என்னாடி பாக்கியம், இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்றாள் மெர்சி அக்கா. தலை முழுக்கப் பஞ்சாக நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும், உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அத்தனை நெகட்டிவும் அதில் இருந்தன.

"எடுத்துட்டுப் போ லா. எம் புள்ளைங்க யாரு இதப் பாக்கப் போறாங்க? ஒரே கரியும் பொகையும்னு சிரிக்கிறாங்க."

வாழ்நாளெல்லாம் நான் வயிறெரிந்த சொத்தை இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுக்கிறாளே என்று அதற்கும் எரிச்சல் வந்தது. எங்கள் படத்தின் நெகட்டிவைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முழுசாக இருந்தது. "எதுக்குக்கா என்னை வெட்டுன?" என்று கேட்டேன். என் மேல் பொறாமை என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று அந்த நிமிஷம் ஏங்கினேன்.

"பாக்க அசிங்கமா இருந்திச்சு. வேற என்னா?" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்து போனாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு படக்கடையில் அதைப் பெரிதாகப் போடக் கொடுத்தேன். வாங்கப் போன அன்று கடைக்காரத் தம்பி தயங்கினான். "ஆன்டி, ஓரத்துல பொகை மாதிரி ஒரு கறை இருக்கு. வெட்டிடவா?"

"வேணாம் தம்பி. அது கறை இல்ல, ஆளு."

அவன் படத்தைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தான். "ஓ, அதான் பெரியவரு கேமராவப் பாக்கலயா? இந்தக் கறையத்தான் பாத்துச் சிரிக்கிறாரு போல."

வாங்கிப் பார்த்தேன். பயறாக இருந்த முகம் இப்போது என் கை அளவு இருந்தது. கண்கள் கேமராவின் பக்கம் இல்லவே இல்லை. குனிந்து, பக்கவாட்டில், ஓடி வருகிற அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தன. வளையத்தைப் பிடிக்காத கையை அதன் பக்கம் கொஞ்சம் நீட்டியும் இருந்தார். அடுத்த நொடி குட்டப்போகிற கைதான். அந்தக் கடையில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கும் ஒருமுறை போய்வந்தேன். பழைய மேடை இல்லை, இரட்டைத் தண்டவாளமாகிவிட்டது, தலைக்கு மேல் மின்கம்பி ஓடுகிறது. வளையமும் இல்லை, அதைத் தூக்கிப் பிடிக்க ஆளும் இல்லை. வண்டி பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு அதுபாட்டுக்குப் போகிறது. அப்பா நின்றிருக்கக்கூடிய இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். வெறும் சிமெண்டுத் தரை. அதையும் அப்பாவின் பெரிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் ஓரத்தைக் காட்டி, "அது என்னா?" என்று கேட்கிறார்கள். நான்தான் என்கிறேன். மெர்சி அக்காவின் மேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை. அப்பாவின் முன்னால் ஓடுகிற அந்த ஒன்பது வயதுக்காரியின் மேல்தான், தாங்க முடியாத பொறாமை.