கருவாட்டுப் பெக்கட்டில் ராத்தாவின் பெயர்

பிள்ளைகளே, சூப்பர் மார்க்கட்டுக்குள் நின்றுகொண்டு நம் சின்னவள் கேட்ட கேள்விக்கு நான் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

"வாப்பா, ராத்தாட பேரு ஏன் கருவாட்டுப் பெக்கட்டுல இருக்கு? ராத்தா என்ன, கருவாடா?"

பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டார். "வீட்ட போய்ச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நான் சீனி எடுக்கப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. வாயால் சொல்லப்போனால் உங்கள் உம்மா நடுவில் வந்து விழுவார், கதை வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் மூத்தவள், உங்கள் ராத்தா, திருத்தட்டும். யாருடைய பெயரையும் இதில் எழுதமாட்டேன். ஒரு பெயர் எத்தனை கை மாறிப் போகும் என்று கண்டவனுக்கு, நினைத்த இடத்திலெல்லாம் பெயரை எழுதி வைக்க மனம் வராது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தலைப்பிள்ளை பிறந்தால் அதன் பெயர் கடைப் பலகைக்கு ஏறிவிடும். கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். ஹாட்வெயார், பாமசி, சைக்கிள் கடை என்று பாதிக் கடைகள் யாரோ ஒருவரின் மூத்த பிள்ளைதான். அந்தப் பிள்ளை கட்டார் நாட்டில் வேலை செய்யும், பலகை இங்கே வெயிலில் காயும். நானும் அப்படித்தான் செய்தேன். ராத்தாவுக்கு ஏழாம் நாள் முடி இறக்கி, கிடாய் அறுத்துப் பெயர் வைத்தோம். அந்தக் கிழமையே பெயின்டரை ஏணியில் ஏற்றிவிட்டேன். "புள்ளைக்கு இன்னம் கழுத்து நிக்கல்ல, அதுக்குள்ள முதலாளியாக்கிட்டீங்களா?" என்று உம்மா ஏசினார். ஏசினாலும் சந்தோசம்தான், முகத்தில் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் உம்மா என் பெயரை வாயால் சொல்வதில்லை. இங்கே பழைய ஆட்களிடம் உள்ள பழக்கம் அது; உம்மா அந்த வயதுக்காரி இல்லை என்றாலும் அவருடைய உம்மாவைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் "புருசன்ட பேரு?" என்று கேட்டால் என்னுடைய ஐடென்டிட்டி காட்டை எடுத்து நீட்டுவார். கலியாணம் முடித்த புதிதில் என்னை "இஞ்ச பாருங்க" என்றுதான் கூப்பிட்டார். ராத்தா பிறந்த பிறகு அவளுடைய பெயரைச் சொல்லி, அதோடு 'வாப்பா'வைச் சேர்த்துக் கூப்பிடத் தொடங்கினார். ஆகவே அந்த ஒரு பெயர் பிள்ளைக்கும் ஆனது, கடைக்கும் ஆனது, வீட்டுக்குள் எனக்கும் ஆனது.

கடையில் கட்டாக் கருவாடும் நெத்தலியும் பெக்கட்டில் அடைத்து விற்றோம். நல்ல பெயர் எடுத்தது. ஒரு கூட்டாளி சொல்லி, கொழும்பில் அந்தப் பெயரைச் சட்டப்படி பதிந்தும் வைத்தேன். அப்படிப் பதிந்தால் வேறு யாரும் அந்தப் பெயரில் கருவாடு விற்க முடியாது. அது பெரிய காவல் என்று நினைத்தேன்.

பிறகு நாடே பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் வந்தது. மீன் பிடிக்கிற போட்டுக்கு மண்ணெண்ணெய் இல்லை, லொறிக்கு டீசல் இல்லை. உச்சமுனைத் தீவிலிருந்து வரும் மீன் வரவில்லை. மீன் காய்கிற தட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. கடையைத் திறந்து வைத்து நானும் தராசும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம்தான் டவுனில் இருந்து ஒரு பெரிய வியாபாரி வந்தார். சீல் அடிக்கிற மெஷினைக் காட்டினேன், தராசைக் காட்டினேன்.

"இதெல்லாம் என்னட்டயும் இருக்கு," என்றார் அவர். " எனக்கு வேண்டியது பேரு."

"பேரா?"

"கொழும்புக் கடைக்காரன் கருவாட்டையா பார்க்கிறான்? பெக்கட்டுல உள்ள பேரத்தானே பார்க்கிறான்."

பெயரை விற்றுக் கொடுத்தேன். அது பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அந்த வருசம் நம் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் உம்மாவிடம் சொன்னபோது அவர் அரிசி களைவதை நிறுத்திவிட்டார்.

"ஏழாம் நாள் கிடாய் அறுத்து வெச்ச பேரு. அதையா குடுத்திட்டு வந்தீங்க?"

"புள்ளட பேரையில்ல, பெக்கட்டுல உள்ள பேரத்தான்."

"ரெண்டும் வேற வேறயா? எனக்கு விளங்கல்ல."

அன்றிலிருந்து நான் மறுபடியும் "இஞ்ச பாருங்க" ஆகிவிட்டேன்.

அந்த வியாபாரி ஒரு வருசம்கூட வைத்திருக்கவில்லை. கொழும்பில் ஒரு கம்பனி அவருடைய வியாபாரத்தையே முழுதாக வாங்கியது. அந்தக் கம்பனிக்கு அதுதான் வேலை: தேயிலைத்தூள் பெயர், ஜேம் பெயர், மெழுகுதிரிப் பெயர் என்று ஊர் ஊராக வாங்கிச் சேர்ப்பது. சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் அதுவே கடனில் கவிழ்ந்து, வழக்கு, கோட்டு என்று போனது. அப்போதுதான் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். கம்பனி விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழுவதில்லை. கட்டிடத்தை ஒருவர் வாங்கினார், லொறிகளை இன்னொருவர் வாங்கினார், பெயர்களை மட்டும் ஒரு கட்டாக வேறொரு கம்பனி வாங்கியது. வேலை செய்த ஆட்களை யாரும் வாங்கவில்லை. சின்னவள் கண்ட பெக்கட் அந்தக் கடைசிக் கம்பனியுடையது. உள்ளே இருக்கும் கருவாடு எந்தக் கடல் என்று எனக்குத் தெரியாது. கூடாதது என்று சொல்லமாட்டேன். நம்முடையது இல்லை, அவ்வளவுதான்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் ராத்தா ஏஎல் பரீட்சை முடித்துவிட்டுக் கருவாட்டுச் சம்பல் செய்யத் தொடங்கினாள். உங்களுக்கே தெரியும், அவளுடைய கைக்கு அது எப்படி வருகிறது என்று. ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தை இடுப்பில் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓட வருகிற கெஸ்ட் ஹவுஸ்களுக்குப் போத்தல் போத்தலாகக் கொடுத்தாள். பெயர் ஒட்டாத போத்தலை மேசையில் வைக்க முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். தன் பெயரில் லேபல் அடிக்கப் புத்தளம் அச்சுக்கடைக்குப் போனவள் பின்னேர அசர் தொழுகைக்கு முன்னமே திரும்பி வந்தாள்.

"அடிக்க ஏலாதாம் வாப்பா. இந்தப் பேருல கருவாட்டுச் சாமான் ஏற்கனவே இருக்காம், பதிஞ்ச பேராம். அடிச்சா தனக்கும் கரச்சலாம்."

அவள் கொண்டுபோன மாதிரித் தாளை வாங்கிப் பார்த்தேன்.

"என்ட பேர நான் போட ஏலாதா வாப்பா?"

அவள் அழவில்லை. கழுவி அடுக்கியிருந்த போத்தல்களை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினாள். உம்மா என்னைப் பார்த்தார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

அடுத்த கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். பெயரை வைத்திருந்த கம்பனியின் கந்தோரில் ஒரு மாத்தயா, அங்கே பெரிய அதிகாரி, நல்ல மனிதர், கதிரை போட்டு உட்கார வைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதையைச் சொன்னேன். அவர் நம்பாமல் சிரித்தார். அது ஏதோ விளம்பரக்காரர்கள் யோசித்து வைத்த பெயர் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்திருந்தார்களாம். ராத்தா தன்னுடைய ஐடென்டிட்டி காட்டை மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இந்தா, இவதான்" என்று காட்டினார். மூவரும் அவளைப் பார்த்தார்கள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. எல்லாப் பெயர்களும் ஒன்றாக வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைத் தனியே பிரித்துத் தர வழியில்லை என்றார். வழக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். எங்களிடம் அதற்குக் காலமும் இல்லை, காசும் இல்லை. அவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பி வருகிற பஸ் சிலாபம் தாண்டியது. ராத்தா சொன்னாள்.

"வாப்பா, போத்தல்ல உங்கட பேரப் போடப் போறேன்."

"என்ட பேரா? அதப் பார்த்து யாரு வாங்குவா மகள்?"

"அதுதான் வேணும். ஒரு கம்பனிக்காரனும் வாங்க வராத பேரா யோசிச்சுப் பார்த்தேன். உங்கடதான் அம்பிட்டிச்சி."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். தென்னந்தோட்டங்கள்தான். ஆனால் பார்க்க வேண்டியிருந்தது.

"ஆரும் விலைக்குக் கேட்டு வந்தா?" என்றேன்.

"வரட்டும். உம்மாட்டக் கேளுங்கன்னு அனுப்பி விடுறேன்."

லேபல் அடித்து வந்தது. கொஞ்சம் கோணலாக ஒட்டினோம். ஓடர் எடுக்க உம்மாவின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், ராத்தாவின் கை எந்த நேரமும் மிளகாய்த்தூளில் இருப்பதால். முதல் அழைப்பு ஒரு புது கெஸ்ட் ஹவுஸில் இருந்து வந்தது. நீங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்றீர்கள். நான் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், சம்பல்தான். ஓம், நாங்கதான் செய்றது," என்றார் உம்மா. "பேரா? அது... எங்கட புள்ளைகள்ட வாப்பாட பேருதான்."

நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

"போத்தல்ல போட்டிருக்கே. ஆ... போத்தல் இன்னம் வரல்லயா?"

ராத்தாவைப் பார்த்தார். அவள் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றாள், திரும்பவே இல்லை. வேண்டுமென்றுதான். உம்மா சுவர்ப் பக்கம் திரும்பினார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என் பெயரைச் சொன்னார். சத்தமில்லாமல், ஆனால் முழுதாக. நிக்காஹ் முடித்த நாளிலிருந்து அவருடைய வாயில் அதை நான் கேட்டதில்லை. காற்று அடிக்கிற பம்ப் என் கையில் அப்படியே நின்றது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டார்.

"என்ன பார்க்கிறீங்க? வியாபாரத்துக்குச் சொன்னது. சம்பலுக்குப் பிழியிற தேசிக்காய் முடிஞ்சி, போய் வாங்கிட்டு வாங்க."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது பின்னால் கூப்பிட்டார். பழையபடி, ராத்தாவின் பெயரைச் சொல்லி, அதோடு வாப்பாவைச் சேர்த்து. பச்சை மிளகாயும் வேண்டுமாம்.