கல்லுப்பும் எட்டு எருமை ரத்தமும்

1. சர்பத் கலர்

சென்ட்ரிஃபியூஜ் சுற்றி நின்றதும் மூடியைத் திறந்து முதல் டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரத்தம் பிரிந்து மேலே இளமஞ்சளாக சீரம் நிற்க வேண்டும். நன்னாரி சர்பத் கலரில் நின்றது. இரண்டாவது டியூபும் அதே கலர்தான். எட்டு டியூபும் அப்படியேதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கால்நடை ஆய்வக டெக்னீஷியன் படிப்பில் நான் இரண்டாம் வருடம். பயிற்சிக்காக ஒரு நோய் ஆய்வகத்தில் ஆறு மாதம் போட்டிருந்தார்கள். இப்போது இந்தப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "மாடு முட்டாதாக்கா?" என்றுதான். முப்பது வருடம் ஆகப்போகிறது, என்னை எந்த மாடும் முட்டியதில்லை. கவிழ்த்தது எல்லாம் டியூப்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

2. தேவகியக்கா கொட்டகை

திருவொற்றியூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி தேவகியக்காவின் எருமைக் கொட்டகை. எட்டு எருமைகள். சுற்றுவட்டார டீக்கடைகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் பால். அதில் ஒரு எருமை எட்டு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. ஒரு மாதம் கழித்து எங்கள் லேப் டாக்டரம்மாவுக்குத் தகவல் வந்து, டியூப் பெட்டியோடு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

பால் கறப்பது தேவகியக்காவின் மருமகள் ஜோதி. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். செத்துப் பிறந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் அள்ளி, சிமெண்ட் கோணியில் கட்டி, குளத்தங்கரை அரசமரத்தில் தொங்கவிட்டது அவள்தான். கொடியைப் பால்மரத்தில் கட்டினால்தான் பால் வற்றாது என்பது அங்கே வழக்கம். மூன்று வாரமாக அவளுக்கு சாயங்காலமானால் ஜுரம், விடிந்தால் வேர்த்து ஊற்றும். ஆஸ்பத்திரியில் மலேரியா பார்த்தார்கள், இல்லை என்றார்கள். ஜுர மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "செல்வி, இது புரூசெல்லாவா இருக்கலாம், கன்னு வீச வைக்கற நோய். மாட்டுக்கிட்டேந்து மனுஷங்களுக்கும் வரும். அந்தப் பொண்ணுக்கு வந்திருந்தா வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆபத்து. மாட்டுல இருக்குன்னு நாம சீட்டு கொடுத்தாதான் ஆஸ்பத்திரியில அதைத் தேடிப் பாப்பாங்க."

ஆனால் தேவகியக்கா ஊசியைப் பார்த்ததும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டார்.

"ரத்தம் எட்தா பால் வத்திரும். எட்டு மாடும் நின்னுச்சுன்னா நீயா வந்து கறக்கப் போறே?"

"ஒரு ஸ்பூன் ரத்தம்கூட இல்லம்மா," என்றார் டாக்டரம்மா.

"உனுக்கு ஸ்பூனு. எனுக்கு சோறு."

கடைசியில் ஜோதிதான் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, "எட்த்துக்கட்டும் அத்தே, இன்னான்னு தெரிஞ்சிக்கலாம்," என்றாள். ஒரு மணி நேரப் போராட்டம். எட்டு டியூப் ரத்தம் எடுத்தோம்.

3. காசிமேட்டு மூளை

டாக்டரம்மாவுக்கு எண்ணூர் பக்கம் இன்னொரு இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. பெட்டியை என் கையில் கொடுத்து, "நிழல்ல வெச்சு உறையவிடு. அப்புறம் ஜில்லுன்னு இருந்தா போதும். லேப்ல போய் சீரம் பிரி," என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

தெர்மக்கோல் பெட்டிக்குள் இரண்டு ஐஸ் பேக் இருந்தன. தொட்டுப் பார்த்தேன், அரை உயிராக இருந்தன. வெளியே சித்திரை வெயில். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் காசிமேட்டுக்காரி. எங்கப்பா மீன் பெட்டி கட்டுகிறவர். கேரளா போகிற வஞ்சிரத்துக்கு ஐஸை உடைத்துப் போட்டு மேலே கல்லுப்புத் தூவுவார். உப்பு விழுந்தால் ஐஸின் குளிர் ஒரு படி ஏறும், மீன் கல்லாக இறுகிவிடும். ஐஸைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார்களா என்று ஒரு திமிர்.

மார்க்கெட்டில் அரைக் கூடை ஐஸ் வாங்கினேன். பக்கத்துக் கடையில் கல்லுப்பு. அப்பா கட்டுவது போலவே அடுக்கடுக்காகக் கட்டி, டியூப்களை நடுவில் செருகி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தேன். வழியில் ரயில் சிக்னலுக்காக முக்கால் மணி நேரம் நின்றது. மற்றவர்கள் புழுங்கி விசிறிக்கொண்டிருந்தார்கள். என் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

ரத்தம் மீன் இல்லை. சீரம் பிரிப்பதற்கு முன்னால் ஐஸாக இறுகிவிட்டால் உள்ளே சிவப்பணுக்கள் வெடித்து, சாயம் முழுக்க சீரத்தில் இறங்கிவிடும். இதைப் பரீட்சையில் நான் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். பேனாவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

4. பாபுவின் கணக்கு

புரூசெல்லாவுக்கு அப்போது நாங்கள் செய்தது ரோஸ் பெங்கால் டெஸ்ட். தட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ரோஸ் கலர் மருந்து. கலக்கி நாலு நிமிடம் ஆட்டினால், நோய் இருந்தால் பொடிப் பொடியாகக் கட்டி தெரியும். ரோஸ் கலரில் சிவப்பு சீரத்தை ஊற்றினால் என்ன தெரியும்? எட்டையும் செய்து பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். ஒரே சேறு.

என்னோடு பயிற்சியில் இருந்த வியாசர்பாடி பாபு எட்டிப் பார்த்தான்.

"கட்டி தெர்தா?"

"தெரியல."

"தெர்லன்னா நெகட்டிவ். எய்திட்டு போய்கினே இரு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே?"

ரெஜிஸ்டரும் பேனாவும் எதிரிலேயே இருந்தன. நெகட்டிவ் என்று எழுதினால் டாக்டரம்மாவிடம் திட்டு இல்லை, தேவகியக்காவுக்கும் சந்தோஷம். எனக்குப் பயிற்சி மார்க் போடுவதும் அதே டாக்டரம்மாதான். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்தச் சீட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் நீட்டப்போவது ஜோதி. "மாட்டுல ஒண்ணும் இல்லியாம்" என்று அவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள். சாயங்காலம் அவளுக்கு ஜுரம் வரும். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா மேஜை முன்னால் போய் நின்று, உப்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு டியூபை எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ரெஜிஸ்டர்ல எழுது. மாதிரி கெட்டது, காரணம் என்னன்னும் எழுது. அப்புறம் அந்தம்மாகிட்ட நீயே போய்க் கேளு. அவங்க சரின்னா நான் வரேன்."

5. கருவாடு

கொட்டகை வாசலில் தேவகியக்கா புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் ஜோதி படுத்திருந்தாள்.

"இன்னா பொண்ணு, ரிசல்ட்டா?"

"இல்லக்கா. திரும்ப ரத்தம் எடுக்கணும்."

கை தொட்டியிலேயே நின்றது. "இன்னாத்துக்கு? எம்மாடு ரத்தம் சரியில்லியா?"

"மாடு சரியாத்தான் இருக்கு. நான்தான் கெடுத்துட்டேன். மீனுக்குப் போடற மாதிரி ஐஸ்ல கல்லுப்பு போட்டுட்டேன்."

தேவகியக்கா தொட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏ ஜோதி, கேட்டியா? நம்ம மாட்டு ரத்தத்த இந்தப் பொண்ணு கருவாடு போட்டுகினு வந்துகீதாம்," என்றார். ஜோதி போர்வைக்குள்ளிருந்தே சிரித்தாள். எனக்கு அழுகையாக வந்தது. சந்து முழுக்க அன்றைக்கு என் பெயர் கருவாட்டு டாக்டர்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "நேத்து ரெண்டு மாடு பால் கம்மி. இன்னிக்கும் குத்துனா இன்னா ஆவுமோ."

"ஜோதிக்காகத்தான் கேக்கறேன்க்கா. மாட்டு நோய் அவளுக்கும் வந்திருக்கலாம்னு டாக்டரம்மா சந்தேகப்படறாங்க."

அதை அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மாட்டுக்கு மட்டும்தான் டெஸ்ட் என்று நினைத்திருக்கிறார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? வரச் சொல்லு உங்க டாக்டரம்மாவ."

இந்தத் தடவை எட்டு எருமைக்கும் மூக்கணாங்கயிற்றை அவரே பிடித்தார்.

6. சீட்டு

சீரம் பளிச்சென்று இளமஞ்சளாகப் பிரிந்தது. இரண்டு எருமைக்குப் பாசிட்டிவ். ஒன்று கன்று வீசியது. இன்னொன்று கொட்டகையிலேயே அதிகம் பால் தருவது. சீட்டை ஆஸ்பத்திரியில் காட்டியதும் ஜோதிக்குப் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கும் இருந்தது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். நாள் நிறைந்து, நல்ல எடையில் பெண் குழந்தை பிறந்தது.

தேவகியக்காவுக்கு இது முழு சந்தோஷமில்லை. அந்த இரண்டு எருமைகளைத் தனியே கட்டவேண்டியிருந்தது, விற்கவும் கூடாது என்று சொல்லிவிட்டோம். அடுத்த தடவை நான் போனபோது என்னைப் பார்க்காதது போல சாணி அள்ளிக்கொண்டே இருந்தார். எனக்கு அது வலித்தது.

பயிற்சி முடிகிற மாதம், லேப் வாசலில் தேவகியக்கா வந்து நின்றார். கூடவே பக்கத்துச் சந்தில் மாடு வைத்திருக்கிற ஒருவர். அவர் கொட்டகையிலும் ஒரு மாடு கன்று வீசியிருந்தது. ரத்தம் எடுக்கப் பயந்துகொண்டு வர மறுத்தவரை இவரே இழுத்து வந்திருக்கிறார். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சின்னப் பொண்ணா கீது. இது சொல்றத நம்பலாமா?" என்று கேட்டார்.

"தப்பு பண்ணா வூடு தேடி வந்து சொல்ற பொண்ணு இது. சீட்டுல எய்தி குட்தா அது நெசம். நீ போயி மாட்ட கட்டு," என்றார் தேவகியக்கா.

தம்பி தங்கைகளே, டெஸ்ட் செய்யும் முறையெல்லாம் மாறிவிட்டது, மிஷின்கள் வந்துவிட்டன. ஆனாலும் மாட்டுக்காரருக்கு டியூபைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நாம் எழுதித் தருவதை எடுத்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போகிறார். தெரியாததை நெகட்டிவ் என்று எழுதாதீர்கள். தெரியவில்லை என்று எழுதுங்கள். அப்புறம் வெட்கப்படாமல் திரும்பப் போய்க் கதவைத் தட்டுங்கள்.