மலைக்கு மேற்கே மிச்சமிருந்த வெயில்

செஞ்சியில் பொழுது இரண்டு தடவை போகும். முதலில் ராஜகிரி மலைக்குப் பின்னால் போகும். கொஞ்ச நேரம் கழித்து, ஊர்க்காரர் யாரும் பார்க்காத இடத்தில், நிஜமாகவே போகும்.

கல்யாணமாகி வந்த மறுநாளே இது எனக்குத் தெரிந்துபோயிற்று. அறுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம். நான் மேற்கே திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். எங்கள் கடலைக்கொல்லை முடிகிற இடத்தில் சூரியன் தரையைத் தொடும். தொட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, அப்புறம்தான் இறங்கும். அதுவரை சாப்பிடலாம். நாங்கள் சமணர்கள். பொழுது போனபின் வாயில் பருக்கை படக்கூடாது; இருட்டில் சோற்றில் விழுகிற சிற்றுயிர் நம் பல்லில் சாகக்கூடாது. பிறந்ததிலிருந்து பழகிய வழக்கம், எனக்கு அது பாரமாகத் தெரிந்ததேயில்லை.

செஞ்சியில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோதே மாமியார் தட்டு வைத்துவிட்டார்.

"வா, சாப்புடு. பொழுது போயிடுச்சி."

எட்டிப் பார்த்தேன். வானம் பளிச்சென்று நீலமாயிருந்தது. உயரத்தில் சுற்றிய பருந்துகளின் வயிற்றில் பொன் பூசியிருந்தது. கீழே மட்டும் மலையின் நிழல் தெருவைக் கடந்து, கிணற்றடியைக் கடந்து, அடுப்படி வாசல்வரை வந்து ஒரு பூனை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இன்னும் வெளிச்சமாதானே இருக்குது, அத்தை?"

"வெளிச்சத்தையா திங்கப் போற? சூரியன் இருக்குதா பாரு."

இல்லை.

"முன்னாடியே முடிக்கிறதுதான் ஒசத்தி. நம்ம மலை நமக்கு மணி அடிக்குது" என்றார். சோற்றுப் பானைமேல் தட்டு, தட்டின்மேல் ஒரு கூழாங்கல். அதன்பின் விடிகிறவரை அந்தக் கல்லை யாரும் தொடுவதில்லை.

என் கணவர் அப்போது ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ் ஐந்தரைக்குச் செஞ்சி வரும். அதற்குள் பானைமேல் கல் ஏறியிருக்கும். திருவண்ணாமலை போய்த் திரும்பி அவர் வீடு வர ஒன்பதாகிவிடும். வந்ததும் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

"மதியம் சாப்புட்டதோட சரி, என் புள்ள அப்புறம் பச்சத்தண்ணி தொடமாட்டான்" என்று மாமியார் தண்ணீர் எடுக்க வரும் பெண்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிரும்.

என் கணவருடைய காக்கிச் சட்டையைத் துவைப்பவள் நான். சமணருக்கு விலக்கான வெங்காயம் எங்கள் அடுப்படிக்குள் நுழைந்ததே இல்லை. சட்டைக் கைமடிப்பில் வெங்காய வாசனை எப்படி வந்தது?

அவருடைய வார லீவு நாள் ஒன்றில், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். மறைக்கவில்லை அவர்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல, சாயங்காலம் சாப்பாட்டுக்கு இன்னாடா பண்றேன்னு அம்மா கேட்டாங்க. சாப்புடறதில்லம்மான்னு ஒருநாள் சொல்லிட்டேன். அடுத்த நாளே தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படி மாத்தறது?"

"அப்ப சாப்பாடு?"

"திருவண்ணாமலை ஸ்டாண்டுல ஏழரைக்கு ரெண்டு தோசை. சாம்பாரு வெங்காயச் சாம்பாரு. இன்னா பண்ணச் சொல்ற?"

அது மட்டுமென்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நெஞ்சில் கை வைத்தபடி, உள்ளே யாரோ அடுப்பு மூட்டுவதுபோல ஒரு முகம். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"மதியத்துக்கும் ராத்திரிக்கும் இவ்ளோ இடைவெளி விடக்கூடாது. சாப்புட்டு வந்து உடனே படுக்கக்கூடாது. பொழுதோட சாப்புடு. இப்படியே வருஷக்கணக்கா ஓட்டினா குடல்ல புண்ணு வரும்."

வெளியே வந்து அவர் சிரித்தார். "எங்கம்மாவேதான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு உட்கார்ந்திருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வயது ஆளுக்குக் குடலில் புண் என்றால் நாற்பதில் என்ன மிஞ்சும் என்று நினைத்தபடியே நடந்தேன். அப்போது மேற்கே மலை இடுக்கு தெரிந்தது, திருவண்ணாமலைச் சாலை நுழைந்து போகிற இடம். இடுக்கின் வழியே வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இன்னும் வெயில் இருந்தது. எனக்குத் தெரியாதா? அந்த வெயிலில் வளர்ந்தவள்தானே நான்.

அடுத்த வாரமே ஆரம்பித்தேன். நிழல் இறங்குமுன் இரண்டு அடுக்குக் கேரியரில் தயிர்சாதமும் அவரைக்காய்ப் பொரியலும் அடைப்பேன். உறவுக்காரப் பெண் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கேரியரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் ஏறிவிடுவேன். இடுக்கைத் தாண்டிச் சாலையோரம் ஒரு கிணறு. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் அங்கே நிறுத்துவார். அவர் உள்ளூர் விவசாயக் குடும்பத்து ஆள், வாய் ஓயாது; சமணர் என்றால் அவருக்கு 'நைனார்'.

"நைனாரே, சீக்கிரம் வாயில போடு. உன் சூரியன் ஓடுது. நானும் எவ்ளோதான் வெரட்டறது?"

என் கணவர் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, ஒரு கண் சோற்றிலும் ஒரு கண் சூரியனிலுமாகச் சாப்பிடுவார். ஐந்து நிமிஷம். பஸ் கிளம்பிவிடும். நான் காலி அடுக்கோடு ஒன்றரை மைல் நடந்து திரும்புவேன்.

அந்த நடை. அதை எப்படிச் சொல்வது? முதுகுப் பக்கம் அடிவானம் சிவந்து கிடக்கும். எதிரே, யாரோ விளையாடப் போட்டுவிட்டுப் போன மாதிரி பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாய், சூட்டை மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். இடுக்குக்குள் நுழைந்ததும் காற்று குளிர்ந்துவிடும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படியிறங்குவது போல, ஒரு கனவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது போல. ஊருக்குள் அதற்குள் விளக்கேற்றியிருப்பார்கள். நான் மட்டும் கூடுதலாக ஒரு வெயிலை வாழ்ந்துவிட்டு அவர்கள் நடுவே நடந்து போவேன். நாள் முழுக்க அந்த நேரத்துக்காகவே காத்திருப்பேன். கால் நிற்காது.

மூன்று மாதம் ஓடியது. அவருக்கு எரிச்சல் நின்றுவிட்டது என்றே நம்பினேன். எழுந்து உட்காருவது குறைந்திருந்ததே.

தெருவுக்குக் கண் உண்டு. ஒருநாள் காலை மாமியார் அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"தெனம் பஸ் ஏறிப் போறியாமே. எங்க?"

சொன்னேன். வெங்காயத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். அவருக்கு வயிறு எரிகிறது, டாக்டர் பொழுதோடு சாப்பிடச் சொன்னார், அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

"அஞ்சரைக்கு மேல ஏது பொழுது?"

"மலைக்கு அந்தாண்ட இருக்குது, அத்தை."

"ஏன், உனக்குன்னு உங்கப்பன் தனியா ஒரு சூரியன் சீதனம் குடுத்தானா?" களைந்த தண்ணீரை வடித்தார். "இன்னிக்கு நானும் வரேன்."

அன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம் வழியெல்லாம் ஏறி இறங்கியதில் பஸ் கால்மணி பிந்தி வந்தது. மாமியார் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த மகன், அம்மாவைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

டிரைவர் என்றுமில்லாத வேகத்தில் ஓட்டினார். இடுக்கைத் தாண்டினோம். அங்கே இருந்தது. பாதி மூழ்கிய, பழுத்த, கண்ணைக் கூசவைக்காத சூரியன். மாமியார் முகம் முழுக்கச் சிவப்பு வந்து படிந்தது. எத்தனை வருஷமாயிற்றோ அவர் அதை அவ்வளவு தாழப் பார்த்து. கிணற்றடியில் இறங்கியும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அவசரமாக அடுக்கைத் திறந்தேன். என் கணவர் இரண்டு கவளத்தை மெல்லாமல் விழுங்கினார். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது விளிம்பும் அணைந்தது.

கவளம் கையிலேயே நின்றது. ஜன்னல்களிலிருந்து பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். சோற்றை அடுக்கிலேயே திரும்ப வைத்தார்.

"பாக்கி வயித்துக்கு?" என்றார் மாமியார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஓட்டல்ல, அம்மா. ஏழரைக்கு."

"இன்னிக்கா?"

"முக்காவாசி நாளு. இவ கொண்டாந்தப்புறமும்தான். இந்த அஞ்சு நிமிஷத்துல வயிறு ரொம்பறதில்ல. அதுக்கு முன்னாடி எப்பவுமே."

எனக்கு அது புதுச் செய்தி; கைமடிப்பில் மிஞ்சிய வாசனையைப் பழசு என்று நம்பியிருந்தேன். என் மூன்று மாதமும் அரை வயிறு. இரவில் அவர் எழுந்து உட்காராதது, என்னை வருத்த வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

மாமியார் மகன் முகத்தையே பார்த்தார். தண்ணீர் எடுக்கிற பெண்களிடம் சொன்னதெல்லாம் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். முதுகு வளைந்தது, பின் கொஞ்சம் நிமிர்ந்தது.

"வெங்காயமா?"

"ம்."

"இப்படி முழுங்கினா எரியாம இன்னா பண்ணும்" என்றார், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல. பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, செஞ்சிக்கு அஞ்சு மைல் கிழக்கால ஒரு ஏரி இருக்குதே, அங்க எத்தினி மணிக்கு வருவீங்க?"

"அஞ்சு, அஞ்சே காலு இருக்கும், ஆயா."

"அப்ப மலை நெழல் அங்க வராதே. முழு வெயில் இருக்குமே."

"இருக்கும்."

"ஏரியில தண்ணி இருக்குதா?"

"ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணியா இருந்தா இன்னா? கால்மணி வேணாலும் நிக்கிறேன்." மிச்சக் கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டார். "எனக்கு ராவும் கெடையாது பகலும் கெடையாது. வீணாப் போவ வேணாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"போற சூரியன் பின்னாடி ஓடறியே, பஸ்ஸுல வர்றவன் எதிர்க்கப் போயிருக்கக் கூடாதா?"

கிழக்கே போகலாம் என்பது மூன்று மாதத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. என் பிறந்த வீடு மேற்கே இருந்தது. என் வெயில் அங்கே இருந்தது. புருஷன் வயிற்றுக்காகப் போவதாக நினைத்து, நான் எனக்காகப் போயிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து மாமியாரே போனார். நான்கு மணிக்குத் திண்டிவனம் பஸ்ஸில் கிழக்கே போய், ஏரிக்கரையில் காத்திருந்து, மகன் மென்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்து, அதே பஸ்ஸில் காலி அடுக்கோடு திரும்புவார். தான் சாப்பிட வேண்டியதையும் அங்கேயே முடித்துக்கொள்வார். தெருவில் கேட்டவர்களிடம், "என் புள்ள பொழுதோட சாப்புடறான்" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதத்தில் என் கணவரின் கன்னம் நிரம்பியது. இன்றைக்கு நரைத்த தலையோடு, அந்தி சாயுமுன் தட்டைக் கழுவிவைத்துவிட்டு, எரிச்சல் என்ற சொல்லையே மறந்து தூங்குகிறார்.

அந்தச் சாயங்காலங்களில் நான் வீட்டில் தனியாக இருந்தேன். நிழல் வரும். சாப்பிடுவேன். பானைமேல் கல்லை நானே வைப்பேன். அதன்பின் கை சும்மா இருக்கும், கால் இருக்காது. ஒருநாள் பொறுக்கவில்லை. கேரியர் இல்லாமல், காரணம் இல்லாமல், இடுக்கு வழியாக நடந்துபோய் அந்த இன்னொரு வெயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்படி ஆயிற்று.

ஒருமுறை கிளம்பும்போது மாமியார் பஸ் இறங்கி எதிரே வந்துவிட்டார். என் வெறும் கைகளைப் பார்த்தார். மேற்கே பார்த்தார்.

"செருப்பு போட்டுக்கினு போ" என்றார். "பாறை இன்னும் சுடும்."