சுனையில் கிருஷ்ணகிரி

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் பாதி ஏறியிருக்கிறேன். பாறைச் சுனையில் எதிர்மலை கிருஷ்ணகிரி தலைகீழாகத் தெரிகிறது. கேமராவைத் தூக்கினால் காற்று வந்து கலைத்துவிடுகிறது. ஒரு மணி நேரமாகக் குப்புறக் கிடக்கிறேன்.

படியோரம் புல் பிடுங்கிக்கொண்டிருந்த, பக்கத்து ஊர் சிங்கவரத்து அக்கா ஒருவர் வந்து நிற்கிறார்.

“மலதான் எதுர்லயே இருக்குதே சார், தண்ணில இன்னாத்துக்குத் தேடுற?”

காற்று கலைப்பதைச் சொல்கிறேன். புல் அள்ளும் சாக்கை உதறி, காற்று வரும் பக்கம் இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கிறார். தண்ணீர் அடங்குகிறது.

“சீக்கிரம் எடு சார், கை கடுக்குது. படத்துல நான் வுழுந்தா வெட்டிடு.”

எடுத்துவிட்டேன். ஓரத்தில் சாக்கோடு அவரும் தலைகீழாக விழுந்திருக்கிறார். வெட்ட மனமில்லை. நன்றி சொல்ல எழுவதற்குள் அவர் புல்லுக்குத் திரும்பிவிட்டார். சுனை மறுபடி கலைகிறது. படத்தில் அவர் இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.