செத்த நரம்புக்குச் சொன்ன தோத்திரம்

சபையாருக்கு என் தோத்திரம். 1996-ல் இதே இடத்தில் நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் எரியும். உபவாச ஜெபத்துக்குப் பின் எரிச்சல் நின்றுவிட்டது, சுகமாகிவிட்டேன் என்றேன். நீங்களும் சந்தோஷமாகக் கை தட்டினீர்கள். இன்று அந்தச் சாட்சியைத் திருத்த வந்திருக்கிறேன்.

எரிச்சல் நின்றது உண்மை. சுகமாகிவிட்டேன் என்று முடிவு செய்தது நானேதான். மாத்திரையை நிறுத்து என்று பாஸ்டரோ வேறு யாருமோ சொல்லவில்லை. சாட்சி சொன்ன வாயால் மாத்திரை விழுங்க எனக்கு வெட்கமாக இருந்தது. கணபதி பகுதியில் நான் வேலை பார்த்த லேத் பட்டறை முழுக்கப் பெருமையடித்தாயிற்று. அதனால் நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருடம் உடம்பு விட்டுப்போயிற்று. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். செத்துவிடுவேனோ என்று பயந்தேன். வெளியே சொல்லவில்லை, சாட்சி பொய்யாகிவிடுமே! என் மனைவி கிரேஸ் மட்டும் கண்டுகொண்டாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"எங்கயும் வலிக்கலயே அம்மணி, எதுக்குப் போறது?"

அவள் சமையலறையில் முழங்கால் போட்டு அழுதது என் காதில் விழுந்தது. "ஆண்டவரே, எம்பேச்சு அவருக்கு ஏறமாட்டேங்குதுங்க. நீங்களே தடுத்து நிறுத்துங்க."

ஜூலையில் ஒரு ஞாயிறு. குளிர்ந்த காற்று வீசியும் காலையிலிருந்தே எனக்கு வேர்த்துக் கொட்டியது. குமட்டல், அசதி. அப்படியும் சபைக்கு வந்தேன். நெடுநேரம் முழங்காலில் ஜெபித்தோம். பாஸ்டர் எழச் சொன்னார். எழுந்தேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

நீங்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தீர்களாம். கிரேஸ் கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

"ஜெபம் பண்ணுங்க. ஆனா வண்டில ஏத்திப்போட்டுப் பண்ணுங்க."

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர், "நெஞ்சு வலி எப்ப வந்துச்சுங்க?" என்று கேட்டார்.

"வலியே வரலீங்க."

"ஹார்ட் அட்டாக் வந்திருக்குதுங்க. சர்க்கரை நரம்பையெல்லாம் கெடுத்துப்போட்டுது. கால் எரிச்சல் நின்னது நரம்பு செத்ததாலதானுங்க. இதயத்து நரம்பும் கெட்டுப்போச்சு. அதனாலதான் வலி தெரியல, எந்திரிச்சா மயக்கமும் வருது. இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டமுங்க."

செத்த நரம்புக்கா நான் தோத்திரம் சொன்னேன்! சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். என்னை ஏன் ஏமாற விட்டீர் என்று ஆண்டவரிடம் கோபப்பட்டேன்.

கிரேஸ் என் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவரு ஏமாத்தலீங்க. நீங்களா ஏமாந்துபோட்டீங்க. நாங் கேட்டதுக்குத்தான் உங்களைத் தடுத்து நிறுத்திப்போட்டாரு."

அவள் தடவியது எனக்குத் தெரியவே இல்லை.

போன நரம்பு திரும்பவில்லை. லேத் வேலையும் போயிற்று. சில நாள் மனம் இருண்டுவிடும், மறைக்க மாட்டேன். ஆனால் உயிரோடு இருக்கிறேன். தினமும் ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறேன், வெட்கமில்லாமல்.

பிரியமானவர்களே, சர்க்கரை உள்ளவர்கள் வலி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆண்டவரை நம்புங்கள், நம்பிக்கையோடு டாக்டரிடமும் போங்கள். சாட்சியை நின்று சொல்வதுதான் நம் வழக்கம். இன்று நான் நாற்காலியில் உட்கார்ந்தே சொல்லிவிட்டேன். முடிவு ஜெபத்துக்கு நீங்கள் எழுந்து நில்லுங்கள். கிரேஸ் வந்து கை கொடுத்ததும் நானும் மெதுவாக எழுந்துகொள்கிறேன்.